மாப்பிள்ளை வந்த சரக்கு வண்டி

எண்ணிப் பார்ப்பவன் ஏமாற மாட்டான் என்று ஐம்பது வருஷமாக எல்லாருக்கும் சொல்லிவருகிறேன். எண்ணப் போய்த்தான் என் கல்யாணத்தையே கோட்டைவிடப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அப்போது நான் கொல்லத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பெண், திருநெல்வேலி டவுண். மறுநாள் காலை ஆறுக்கு முகூர்த்தம். மலையைக் குடைந்து ரயில் விட்டுச் சில வருஷமே ஆகியிருந்தது. நாங்கள் முப்பத்துநாலு பேர், பத்தொன்பது மூட்டை. மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்து வரவேண்டும் என்பது வழக்கம். (சும்மா இருந்தால் அது நான் இல்லையே!)

குகைக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. இறங்கிப்போய்க் கடைசிப் பெட்டியிலிருந்த மூட்டைகளை எண்ணினேன். பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு.

"மணி அடிச்சாச்சு, ஏறும்வே" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். நம் பக்கத்து ஆள்.

"பொறுங்க அண்ணாச்சி, ஒண்ணு குறையுது."

மூன்றாம் தடவை பன்னிரண்டாவதைத் தொடும்போது மூட்டைகள் தாமாகவே நகர்ந்தன. நான் கூவுவதற்குள் வண்டியைக் குகை விழுங்கிவிட்டது.

"எதைவே காணோம்?"

"பட்டுவேட்டி மூட்டை."

"அப்போ கக்கத்துல இருக்கது என்னவே?"

பார்த்தேன். பத்தொன்பது.

செங்கோட்டையில் கட்டுச்சோறு பிரித்தபோது ஒரு பொட்டலம் மிஞ்சியதாம். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடியிருக்கிறார்கள். கூட வந்த என் தாய்மாமாவிடமிருந்து தந்தி வந்தது: "பெண்ணுக்கு முறைப்பையன் உண்டு. மறக்காதே." நாலே சொல். ஏழு நாடியும் ஒடுங்கிவிட்டன.

அடுத்த பயணிகள் வண்டி மறுநாள்தான்.

"ஒரு சரக்கு வண்டி வருது" என்று இழுத்தார் மாஸ்டர். "நீரு சைவம்லா?"

"ஆமா. ஏன்?"

"ஏறி மூச்சை அடக்கிக்கிடும். அம்புட்டும் கருவாடு."

கார்டு பெட்டியிலும் ஆறு கூடை. ஏழாவதாக நான், மடியில் பட்டுவேட்டியோடு.

பொழுது சாயும்போது திருநெல்வேலி. மேளம் முழங்க, மாலையோடு வந்த மாமனார் இரண்டடி முன்னே வைத்து, மூன்றடி பின்னே போனார். அவர் பக்கத்தில் புது வேட்டியில் தயாராக நின்ற முறைப்பையன் சொன்னான்: "மாமா, மாப்பிள இப்பத்தான் வாராரு. வாசம் அப்பவே வந்துட்டு."

தாமிரபரணியில் இருபத்தொரு முழுக்குப் போட்டேன். எனக்குப் போயிற்று, பட்டுக்குப் போகவில்லை. தாலி கட்டும்போது பெண் தலை நிமிரவேயில்லை. எவ்வளவு அடக்கம் என்று சபையே மெச்சியது. அடக்கியது மூச்சை என்பதை அவள் சொல்லி நான் அறிய மூன்று மாதம் ஆயிற்று.

இன்றும் எங்கே புறப்பட்டாலும் வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவள்தான் குரல் கொடுப்பாள்: "மூட்டை கெடக்கட்டும். மாப்பிள ஏறியாச்சா?" பேரன் பேத்திகள் பதினொரு பேரும் சிரிப்பார்கள்.

நேற்று அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்பும்போதும் கேட்டாள். "ஏறியாச்சு, ஏறியாச்சு" என்றேன், கீழே நின்றபடி. ஒரு மூட்டை குறைந்தது.