துவக்கு அங்கிளின் இரும்புப் பெட்டகம்

கையில் ஒரு துவக்குகூட இல்லாமல் சிட்னித் தமிழர்களை இத்தனை கலவரப்படுத்திய மனிதர் துவக்கு அங்கிள் ஒருவர்தான். குவேக்கர்ஸ் ஹில்லில் எங்களுக்கு எதிர்வீடு. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கமாட்டார். சோற்றுக் கோப்பையை ஏந்தி நடந்துகொண்டேதான் சாப்பிடுவார். அன்ரி கறிச்சட்டியோடு பின்னால் போவார்.

அவருக்கு ஒரே ஆசை. சட்டப்படி ஒரு துவக்கு, உண்மையான துப்பாக்கி, வாங்க வேண்டும்.

"ஆரைச் சுட அங்கிள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ஆரையடா சுட? ஊரில எல்லாற்றை துவக்குக்கும் பயந்து ஓடின ஆள். ஒருக்காவெண்டாலும் ரசீதோட ஒண்டு வாங்கிப் பாக்கவேணும்."

அதற்காகச் சுடும் கழகத்தில் சேர்ந்தார், பரீட்சை எழுதினார், கடையில் ஒன்றைச் சொல்லியும் வைத்தார். அது 2013, ஆஸ்திரேலியாவில் தேர்தல் வருடம். அமெரிக்காவில் துவக்குக் கட்டுப்பாடு பற்றி டிவியில் விவாதம் வந்தால் அங்கிளுக்கு இங்கே வியர்க்கும்.

"அங்க தும்மினா இங்க தடிமன். நான் வாங்க முதல் தடை போட்டிடுவாங்கள்," என்று கடைக்கு ஓடுவார். அவர் தலையைக் கண்டதுமே, இன்னும் சட்டம் வரவில்லை என்று சொல்லக் கடைக்காரர் பழகிவிட்டார்.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஒரு வேட்பாளர் வாக்குக் கேட்டு வந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் திருநீறு, கையில் சர்க்கரைப் பொங்கல். சனம் வீசாவைப் பற்றிக் கேட்டது. அங்கிள் முண்டியடித்து முன்னே போய், துவக்கு வாங்குவதென்றால் தேர்தலுக்கு முன்னரே வாங்கவேண்டுமா என்று கேட்டார். வேட்பாளர் பொங்கலை விழுங்காமலே காரில் ஏறிவிட்டார்.

துவக்கு வைக்க, நிலத்தோடு இறுக்கிய இரும்புப் பெட்டகம் வேண்டும். அங்கிளின் அவசரத்தில் துவக்குக்கு முன்னே பெட்டகம் வந்துவிட்டது. சும்மா கிடக்கிறதே என்று எங்கள் கடதாசிகளை அதற்குள் வைத்திருந்தார். நாங்கள் ஆறு பேர், படகில் வந்தவர்கள், அறைக்கு மூன்று பேராக இருந்தோம். பிறப்புச் சான்றிதழ், வில்லாவுட் தடுப்பு முகாமில் தந்த கடிதங்கள் எல்லாம் அங்கேதான். வழக்கறிஞர் கேட்டவுடன் எடுக்க வேண்டுமே என்று பெட்டகத்தைத் திறக்க ஆளுக்கொரு திறப்பும் வெட்டிக் கொடுத்திருந்தார்.

பெட்டகத்தைச் சோதிக்க வந்த பொலிஸ்காரி, திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். "ஏழு பேரிட்ட," என்றார் அங்கிள் பெருமையாக. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். லைசன்ஸ்காரரைத் தவிர வேறு யார் கையிலும் திறப்பு இருக்கக் கூடாதாம். மற்றத் திறப்புகளைத் திரும்ப வாங்க இரண்டு கிழமை தவணை தந்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே, கடதாசிகளைத் தந்து திறப்புகளை வாங்க அங்கிள் எங்களைக் கூப்பிட்டார். நான்தான் முதலில் போனேன். என் கடதாசிகள் இருந்த உறையை எடுத்து நீட்டியவர் பிடியை விடவில்லை.

"எங்க வைப்பாய்?"

"தலகணிக்குக் கீழ."

"உங்கட அறை மழைக்கு ஒழுகுதெல்லோ?"

"ஓம் அங்கிள்."

உறையோடு ஹோலை மூன்று முறை சுற்றி நடந்தார். பிறகு அதைத் திரும்பவும் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார்.

"அப்ப துவக்கு?"

"அது கடையில கிடக்கட்டும். திறப்பு உன்னட்டயே இருக்கட்டும், லோயர் கேட்டா எடுக்கவேணுமெல்லோ. நீ மற்றவங்களை வரவேண்டாமெண்டு சொல்லு."

நான் திறப்பைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அவர் பயந்த சட்டம் வரவேயில்லை. மற்ற ஐந்து பேரும் வீடு மாறித் தங்கள் உறைகளையும் எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கும் இப்போது பூட்டுள்ள அலுமாரி இருக்கிறது. "இனி வாங்குங்கோவன் அங்கிள்," என்றால், "உன்ரை கடதாசி கிடக்குதெல்லோ," என்கிறார்.

நானும் எடுக்கவில்லை. மனம் வரவில்லை.