கணப்பு அணைந்த வீடு

அன்றிரவும் கிரிசல் கணப்பில் கனன்றுகொண்டிருந்த, சதுப்பில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளைச் சாம்பலால் மூடிவிட்டு, "கிளறி வைக்காதீங்க, காலையில நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் படுத்தாள். காலையில் நெருப்பு இருந்தது. அவள் இல்லை.

அந்த நெருப்பு அவள் கணவர் டூகலின் கொள்ளுத்தாத்தா மூட்டியது. அதன்பின் அணைந்ததே இல்லை என்று டூகல், காலோவே மலைப்பக்கம் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். கணப்பை அங்கே 'இங்கிள்' என்பார்கள். புத்தகம் படிக்கிற கிரிசல்தான் ஒருநாள் விளக்கினாள்: "அது பழைய கேலிக் பாஷையில நெருப்போட பேருங்க. அப்புறம்தான் இந்தக் கல்லுக்கு ஒட்டிக்கிச்சு. நெருப்பு போயிட்டா இது வெறும் சுவத்து ஓட்டை."

இப்போது அவள் கைபட்டு மிச்சமிருப்பது அந்த நெருப்பு ஒன்றுதான். அடக்கம் முடிந்த மறுநாள் அதுவும் மங்கியது.

துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த டூகலின் தம்பி நினியன் ஒரு கட்டியைச் செருகினான். அது ஈரம். வீடெல்லாம் புகை.

"ஜன்னலைத் திறப்போம்ணே."

திறந்தான். மழைக்காற்று புகுந்து சாம்பலை வாரித் துக்கத்துக்கு வந்த ரொட்டிகளின் மேல் இறைத்தது.

"வெளிய நிக்கிற ஆட்டுக்கு உன்னவிட விவரம் உண்டுடா," என்றார் டூகல்.

"புகைபோக்கி அடைச்சிருக்கு. ஒரு குத்து விட்டா சரியாயிடும்."

விட்டான். ஒரு கூடைக் கரி பொத்தென்று நெருப்பின் மேல் விழுந்தது.

டூகல் மண்டியிட்டுக் கையால் துழாவினார். ஒரு பொறிகூட இல்லை.

"தீப்பெட்டி வேணா..."

"வாய மூடு."

பக்கத்துப் பண்ணை பெத்தியா கல்யாணமாகி வந்தபோது, ஊர் வழக்கப்படி இந்தக் கணப்பிலிருந்துதான் கங்கு எடுத்துப்போய்த் தன் வீட்டில் மூட்டினாள். அங்கே எரிவதும் இதே நெருப்புதானே. டூகல் இரும்பு வாளியோடு மழையில் இறங்கினார்.

பெத்தியா வாளியை வாங்கினாள். கங்குகளை அள்ளிப் போட்டுத் தகரத்தால் மூடினாள்.

"மெதுவா போங்கண்ணே. கிரிசல் அக்கா ஓட்டமா ஓடி வழியில கொட்டிடுவாங்க."

"கிரிசலா?"

"நீங்க ஆட்டுச் சந்தைக்குப் போனா உங்க வீட்டுல அணைஞ்சிரும். 'அந்த மனுஷன் தாங்கமாட்டார்'னு வாளியத் தூக்கிட்டு வருவாங்க."

டூகல் வாளியைக் கீழே வைத்தார். "போகட்டும். உன் வீட்டுல இருக்கறதும் எங்க தாத்தா நெருப்புதானே."

பெத்தியா தகரத்தை இன்னொரு முறை அழுத்தி மூடினாள்.

"என்னுது எத்தனையோ தடவை அணைஞ்சிருக்குண்ணே. உங்க கணப்புல தீக்குச்சி வைக்கமாட்டேன்னு அக்கா மாமியாருக்குச் சத்தியம் பண்ணிட்டாங்களாம். அதனால என்னுதும் அணைஞ்சிருந்தா இங்கயே தீக்குச்சி கிழிச்சுக்குவாங்க. இப்ப நீங்க கொண்டுபோறது, போன வாரம் அவங்க பத்தவச்சது."