வலிக்கு இரண்டு நோட்டு

வாசகர்களே, இந்தப் பிராணிக்கு முறையியல்காரர் என்று பெயர். வீடு தீப்பிடித்தால் நீங்களும் நானும் வாளியைத் தேடுவோம், இவர் மட்டும், "முதல்ல இதை எந்த முறைப்படி ஆராயப் போறோம்?" என்பார். இவரிடம் எப்போதும் இரண்டு நோட்டு இருக்கும். சிவப்பு நோட்டு இயற்கைவாதத்துக்கு: இருப்பதெல்லாம் இயற்கைதான், அறிவியலுக்கு எட்டாததைப் பேசாதே. நீல நோட்டு நிகழ்வியலுக்கு: அறிவியலைக் கொஞ்சம் ஒதுக்கிவை, ஒரு பொருள் உன் அனுபவத்தில் எப்படித் தோன்றுகிறதோ அப்படியே வர்ணி. இரண்டுமே பெரிய மூளைகள் பாடுபட்டுப் போட்ட பாதைகள். பாதை எதற்கு? நடக்கத்தானே? இவரோ இரண்டும் பிரியும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

எனக்குத் தெரிந்த தத்துவப் பேராசிரியர் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய மனைவி சமையல் மேடையைப் பிடித்தபடி, நெற்றியெல்லாம் வியர்த்து, இரண்டாக மடங்கி நின்றாள்.

"என்னங்க, வயிறு ரொம்ப வலிக்குது."

"வலிங்கறது பாமரப் பேச்சு. நரம்பு ஒரு தகவல் அனுப்புது, அவ்வளவுதான்." சிவப்பு நோட்டில் எழுதினார்.

அவள் முனகினாள். கல்லும் கரையும் முனகல் அது. பேராசிரியரும் கரைந்தார்; நீல நோட்டைத் திறந்தார்.

"சரி, நரம்பை விடு. டாக்டர், மருந்து எல்லாத்தையும் ஒதுக்கி வை. இந்த வலி உனக்கு எப்படித் தோணுது?"

"உங்க மூஞ்சி மாதிரி தோணுது!"

"உவமை வேண்டாம். வர்ணனை போதும்."

பதினோரு பக்கம் நிரம்பியபோது அவள் தரையில் சுருண்டு கிடந்தாள். நல்லவேளை, வேன் ஓட்டும் அவளுடைய தம்பி எதற்கோ வந்தான். பார்த்ததும் அக்காவை அள்ளித் தூக்கினான்.

"இரு மச்சான், முடிவுரை பாக்கி..."

"அதை ஆஸ்பத்திரியில எழுதுங்க மாமா!"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "சார், எந்தப் பக்கம் வலி? எப்ப ஆரம்பிச்சது?"

பேராசிரியர் சிவப்பைப் புரட்டினார். நீலத்தைப் புரட்டினார். பதினோரு பக்கத்தில் அது மட்டும் இல்லை!

"வலது பக்கம்மா," என்றது ஸ்ட்ரெச்சரிலிருந்து ஈனக்குரல். "நேத்து காலையிலிருந்து. இவர்கிட்ட நாலு தடவை சொன்னேன்."

குடல்வால் அழற்சி. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் அறுவை செய்த டாக்டர்.

மறுநாள் அவள் கண் விழித்தபோது பேராசிரியர் தாடி மழிக்காத முகத்தோடு அருகே இருந்தார். கண்ணில் நீர். மடியில் பச்சை அட்டைப் புது நோட்டு.

"நீ உள்ளே இருந்தப்ப எனக்கு வந்த பயத்தை எழுதினேன். அது எந்த முறையில அடங்கும்னுதான் புரியலை."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மறுபக்கம் நின்ற தம்பியிடம் திரும்பினாள். "தம்பி, இங்கிருந்து நேரா உன் வீட்டுக்கே போயிடலாம்டா."

சிரிக்கிறீர்களா? நேற்று உங்கள் வீட்டில் ஒருத்தர் தலை வலிக்கிறது என்றபோது, "எந்நேரமும் செல்லைப் பார்த்தா அப்படித்தான்" என்று காரணம் கண்டுபிடித்துச் சொன்னீர்களே, அதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்களா?

இல்லையா? அப்படியென்றால், உங்கள் நோட்டு என்ன நிறம்?