இவ்விடம் நான் மட்டும் பச்சை

காஞ்சிபுரம்,
16-6-1968

தென்னேரியில் வசிக்கும் மைத்துனர் பரமசிவம் அவர்களுக்கு, மாணிக்கவாசகம் எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் தங்கள் அக்காள் காமாட்சியம்மாளும் மகள் வள்ளியும் இவ்விடம் சுகம். தறியும் சுகம். நான் மட்டும் பச்சை.

பதற வேண்டாம். நோயல்ல, சாயம். சென்ற வாரம் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் சினிமா எடுக்க ஒரு கம்பெனி வந்தது. கதை என்னவெனில், வானத்திலிருந்து பச்சை நிற மனுஷர்கள் வந்து இறங்குகிறார்கள். ஊரார் கிட்டே வராதே, தொடாதே என்று கயிறு கட்டி அவர்களை ஒதுக்கி வைக்கிறார்கள். வானத்து ஆளாக நிற்க முப்பது பேரைக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். பூசிய பச்சையோ வெயிலில் வழிந்து ஓடியது. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குதா? "பட்டுக்குப் போடற சாயம் எங்கிட்ட இருக்குது சார், புடவை கிழிஞ்சாலும் கலரு போவாது"ன்னு சொல்லி, நானே வூட்லேர்ந்து குண்டானோட கொண்டாந்து, மொத ஆளா நானே பூசிக்கினேன்பா.

நம்ம சாயத்தைப் பத்தி நான் சொன்னதுல பொய்யே இல்ல, பரமசிவம். போவவே இல்ல. சீயக்காய், புளி, மண்ணெண்ணெய் எல்லாம் பாத்தாச்சு. இதுல படம் கறுப்பு வெள்ளையாம்! கடைசி நாள்தான் சொல்றான் பாவி. மத்தவங்களை லாரியில ஏத்தி அவங்கவங்க ஊர்ல எறக்கிட்டாங்க, நான் மாட்டிக்கினேன்.

டீக்கடை துரைக்கண்ணுவையும் நடிக்க வெச்சாங்க. வானத்து ஆளுக்குக் கொட்டாங்குச்சியில டீ ஊத்தி, "எட்ட நின்னு குடி"ன்னு விரட்டணும். ஒத்திகையே இல்லாம ஒரே தடவையில முடிச்சாரு. தினம் செய்யற வேலைதானே! சேரியிலேர்ந்து வர்றவங்களுக்கு அப்படித்தான் ஊத்தறாரு. நானும் இருபது வருஷமா பக்கத்துல கிளாசுல குடிச்சிக்கினு பாத்துக்கினுதான் இருந்தேன். மறுநாள் நெசமாவே டீக்குப் போனா, எனக்கும் கொட்டாங்குச்சி! "யோவ், நான் மாணிக்கம்யா"ன்னேன். "தெரியுது, மத்தவங்க குடிக்கணுமே"ன்றாரு. வூட்டுக்கு வந்து தறி கிட்ட போனா, "பாவு நூல்ல ஒட்டிக்கும், தொடாதீங்க"ன்றா உன் அக்கா. போவாத சாயம் எப்படிடீ ஒட்டும்? கேக்க மாட்டேன்றா. சோறு கொல்லையில வந்துது.

கோவிச்சிக்கினு பாலாத்துக்குப் போய் உக்காந்தேன். நாலாம் நாள் பாத்தா, எதிர்ல இன்னொரு பச்சை! யாருன்ற? வீராசாமி. வள்ளியைக் கேட்டு வந்தானே, அடுத்த தெரு தெலுங்கு வூட்டுப் பையன். அவங்க வேற, நாம வேறன்னு நான் விரட்டிட்டு, சிபாரிசு பண்ணி நீ எழுதின கடுதாசியையும் கிழிச்சேனே, அவனேதான். முப்பது பேர்ல இவனும் இருந்திருக்கான்; எல்லாம் ஒரே பச்சை, நான் யாரைக் கண்டேன்? பக்கத்துல வந்து உக்காந்தான். பொட்டலத்தைப் பிரிச்சு, இருந்த அஞ்சு இட்லியில மூணை என் பக்கம் தள்ளி, "தினண்டி மாமா"ன்னான். பசிக்கு எந்த பாஷையா இருந்தா என்ன, தின்னேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சுபா. ஆண்டவனே எங்க ரெண்டு பேரையும் ஒரே சாயத்துல முக்கியெடுத்திருக்கான், இதுக்கு மேல ஜாதகம் என்னாத்துக்கு?

வர்ற வெள்ளிக்கிழமை தட்டு மாத்தறோம். தாய்மாமன் நீ இல்லாம ஆவாது. டீ குடிக்கணும்னா எங்கூட வா. இப்பல்லாம் நான் கொட்டாங்குச்சி பக்கம்தான் நிக்கிறேன். அவங்களுக்கும் கிளாஸ் வந்தாதான் எனக்கும் கிளாஸுன்னுட்டேன். துரைக்கண்ணு முழிக்கிறாரு.

லோகாம்பாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், பச்சைக் கையாலேயே.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்

பி.கு.: கவரை ஒட்டப் போறப்போ உன் அக்கா வாங்கிப் படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. வீராசாமி சினிமா பக்கமே போவலியாம்! நான் ஆத்தங்கரையில ஒண்டியா கெடக்கேன்னு வள்ளி அழுதிருக்கா. மிச்ச சாயத்தை அவ குண்டானோட குடுக்க, படவா தானே பூசிக்கினு வந்திருக்கான். முக்கியெடுத்தது ஆண்டவன் இல்லப்பா, நான் பெத்த கழுதை. தட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கத்திட்டு, கொஞ்ச நேரம் உக்காந்து யோசிச்சேன். போவாதுன்னு தெரிஞ்சே பூசிக்கினவன்பா அவன். வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துடு.