போர்வைக்கு நேரம் ஒதுக்கியவள்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், வேலை செய்வதற்கு நேரம் ஒதுக்குகிறவர்கள் என்று மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு. சாதாரண இனமா அது! சோம்பேறி என்று அவர்களைச் சொன்னால் நாக்கு அழுகிப் போகும். பொழுது விடிந்தால் ஓடுவார்கள், வியர்ப்பார்கள், "மூச்சு விட நேரமில்லை" என்பார்கள். என்னதான் முடித்தாய் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

எங்கள் அயோவாவில், வால்நட் ஃபோர்டு என்கிற இந்த ஊரில், அந்த இனத்தின் தலைமகள் ஒருத்தி வாழ்கிறாள். பெயர் ஆர்டித் டாலெஃப்சன். அவள் ஒரு துண்டுத்துணிப் போர்வை தைக்கப் போகிறாள். எப்போது என்றா கேட்கிறீர்கள்? அட, என்ன அவசரம் உங்களுக்கு! மகள் மார்னி தொட்டிலில் கிடந்தபோதே, "இவ கல்யாணத்துக்கு என் கையால போர்வை தைப்பேன்" என்று ஊரறியச் சொன்னவள் அவள். சொன்ன சொல் மாறவில்லை. இதோ மார்னிக்குக் கல்யாணமே வந்துவிட்டது, இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆர்டித் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்கும். செவ்வாய்க்கிழமை மதியங்களுக்கெல்லாம் ஊதா நிறத்தில் கட்டம் கட்டியிருக்கும். அது போர்வை நேரம். அந்த நேரத்தில் யாரும் போன் செய்யக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. உள்ளே என்ன நடக்கும் தெரியுமா? முதலில் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றப் போடுவாள். அது சூடாவதற்குள் நீலத்துண்டுகளை ஒரு குவியலாக்குவாள். அந்த நீலத்தில் பாதி சாம்பல் நிறமோ என்று சந்தேகம் வந்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பாள். ஜன்னலோரத்தில் மேசை இருந்தால் நன்றாயிருக்குமே என்று மேசையை இழுப்பாள். இழுத்த இடத்தில் தூசி தெரியும், பெருக்குவாள். பெருக்கிய களைப்புக்கு ஒரு காபி. காபி முடிந்தால் கத்தரிக்கோல் மழுங்கியிருப்பது ஞாபகம் வரும். நேரம் முடிந்தது. "இந்த வாரம் நல்ல முன்னேற்றம்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போவாள். ஊசி டப்பாவிலேயே இருக்கும்.

விருந்தினர் அறைச் சுவர் முழுக்க ஒரு வெள்ளை ஃபிளானல் துணியை விரித்து அடித்திருந்தாள். ஃபிளானல் மேல் பருத்தித் துண்டை வைத்தால் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் திட்டமிடல். ஒரு துண்டை ஒட்டுவாள், பின்னால் போவாள், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாள், எடுத்து வேறிடத்தில் ஒட்டுவாள். இது வருஷக்கணக்காக நடந்தது. அவளுடைய புருஷர் வெர்லின் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறவர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் வாய்விட்டார்.

"நல்லாத்தானே இருக்கு ஆர்டித், தைச்சுடேன்."

"யோவ், கைய எடு! பச்சைக்குப் பக்கத்துல பச்சை வந்தா சண்டை வரும்."

"யாருக்குள்ள?"

"பச்சைக்கும் பச்சைக்கும்தான்!"

பன்றிகளே தேவலாம் என்று அவர் கொட்டகைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. பெண்ணைப் பெற்றவள் துண்டுகளை இணைத்து மேல்துணியைக் கொடுத்துவிட வேண்டும். சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய மரச்சட்டம் இருக்கிறது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அதில் இழுத்துக் கட்டி, ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, வம்பு பேசிக்கொண்டே தைத்து முடிப்பார்கள். முறை தவறினால் சட்டம் அடுத்தவளுக்குப் போய்விடும். கடையில் வாங்கிய கம்பளியோடு மகளை அனுப்பியவள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு சர்ச்சுக்கு வருவாள்?

சட்டத்துக்குப் பொறுப்பு லவோன். தளபதி மாதிரி ஆள். "அடியே ஆர்டித், திங்கக்கிழமை சட்டம் உனக்கு. காலையில வந்து துணிய எடுத்துக்குவோம். சாக்கு போக்கு சொன்னே, பெக்கி மகளுக்கும் கல்யாணம் வருது, அவளுக்குக் குடுத்துருவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆர்டித் விருந்தினர் அறைக்கு ஓடினாள். சுவரைப் பார்த்தாள். நட்டநடுவில் ஒரு வெற்றிடம். அங்கே ஒரு மஞ்சள் வேண்டும். வீட்டில் இருக்கிற மஞ்சள் எதுவும் சரியில்லை. "அந்த ஒரு மஞ்சள் கெடைச்சாப் போதும், ஒரே மூச்சுல தைச்சுடுவேன்" என்று சொல்லி, மினசோட்டாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே தங்கையிடம் மஞ்சளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயில் வந்தால்தானே எது நல்ல மஞ்சள் என்று தெரியும்? வெயில் வரவில்லை. தங்கிவிட்டாள்.

இங்கே வெர்லின், துவைத்து உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு அந்த அறை வழியாகப் போனவர், வெற்றிடத்தைப் பார்த்தார். கையில் கடுகு மஞ்சள் நிறத்தில் அவருடைய பண்ணை சாக்ஸ். "மஞ்சள்தானே வேணும்?" என்று அதை அங்கே அப்பினார். ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

திங்கட்கிழமை லவோன் இரண்டு பெண்களோடு வந்து சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, ஒரு தையல்கூடப் போடலையே!"

"பெக்கிக்குக் குடுத்துரலாமா?" என்றாள் கூட வந்த பெர்னடீன்.

"பாவம்டி அந்தப் பொண்ணு மார்னி. ஃபிளானலோட சேத்து ஊசி குத்திச் சுருட்டு. அப்படியே வெச்சுத் தைப்போம்."

பெர்னடீன் சாக்ஸை எடுக்கப் போனாள். லவோன் அவள் கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"தொடாதே! ஒரு துண்ட நகத்த ஒரு மாசம் யோசிக்கிறவ அவ. நடுவுல சாக்ஸ வெச்சிருக்கான்னா காரணம் இல்லாமலா வெச்சிருப்பா?"

காரணம் கண்டுபிடிப்பதா கஷ்டம்? குடும்பத்தின் நடுவே குடும்பத் தலைவனின் பாதம் என்றாள் ஒருத்தி. கர்த்தருடைய வழியில் நடக்கச் சொல்கிறது என்றாள் இன்னொருத்தி. அந்த சாக்ஸின் குதிகாலைச் சுற்றிப் போட்ட தையல் மாதிரி நுணுக்கமான தையலை எங்கள் சர்ச் அதற்கு முன்னால் கண்டதில்லை.

ஆர்டித் திரும்பி வந்தபோது சுவர் வெறிச்சென்று இருந்தது. சர்ச்சுக்கு ஓடினாள். கீழ்த்தளத்தில் கல்யாணப் பெண்ணுக்கு விருந்து. மார்னி போர்வையைச் சுற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா! அப்பாவோட சாக்ஸும்மா! பனியில அதைப் போட்டுக்கிட்டுத்தானே என்னை ஸ்கூல் பஸ்சுக்குத் தூக்கிட்டுப் போவாரு! எப்படிம்மா உனக்குத் தோணுச்சு?"

ஆர்டித் பார்த்தாள். சுருட்டியதில் ஏதோ நகர்ந்து, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை. நடுவில் சாக்ஸ். தூணுக்குப் பின்னால், பாதி கடித்த ஹாம் சாண்ட்விச்சோடு வெர்லின். கைப்பையில் மினசோட்டா மஞ்சள். கூட்டம் முழுக்க அவள் வாயையே பார்த்தது.

"எத்தனை வருஷ யோசனை தெரியுமாடி!" என்றாள் ஆர்டித், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது பிறக்கப் போகிற பேரப்பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வை திட்டமிடுகிறாள். அடுத்த செவ்வாய் தொடங்கிவிடுவாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். இதைப் படித்தீர்களே, இந்தக் கொஞ்ச நேரம், இதை வேறு எந்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தீர்கள்?