அமுங்கும் பொருள்கள் ஏற்கப்படமாட்டா

தில்லியிலுள்ள அந்த உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் வாங்கப்படும் எந்தப் பொருளும் அமுங்கக் கூடாது என்பது விதி. விருந்தினர் விடுதிக்கு வாங்கிய மெத்தைகள் ஒரே குளிர்காலத்தில் பள்ளமாகிவிட்டதால், இனி வரும் பொருள்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே ஏற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மெத்தைகளை மட்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே கேன்டீனில் இட்லி நின்று ரஸ்க் வந்தது. தமிழ் ஊழியர்கள் ரஸ்க்கைத் தேநீரில் நனைத்தபடி கண்டனம் தெரிவித்தார்கள்.

மேற்படி கட்டைவிரல் கொள்முதல் அதிகாரி ராஜகோபாலுடையது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருப்பவர். அப்பழுக்கற்றவர். அலுவலகக் குண்டூசிகூட அவர் வீட்டுக்குப் போனதில்லை.

ஜோஸ்லின் அங்கே ஒப்பந்த விஞ்ஞானி, நாகர்கோவில்காரி. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் முடிவு காட்டினால்தான் நீட்டிப்பு. உடலின் செல், தான் ஒட்டியிருக்கும் இடம் மெத்தென்று இருக்கிறதா, கடினமா என்று அறியும். கடினமென்றால் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியின் செய்தி உள்ளே போய், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களை வளையமாக வளைக்கும். துன்பம் தாங்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். இதுவே அவளுடைய ஆய்வு. இதற்குக் கடினமான தட்டுகளும், ஒப்பிட்டுப் பார்க்க மெல்லிய ஜெல் பூசிய தட்டுகளும் வேண்டும்.

ஜெல் தட்டுகள் வந்தன. ராஜகோபால் ஒவ்வொன்றாகத் திறந்து அழுத்தினார். ஒவ்வொன்றிலும் அவருடைய ரேகை அழகாகப் பதிந்தது.

"அமுங்குதேம்மா" என்றார்.

"அமுங்கத்தான் சார் வேணும்."

"கடினமான தட்டுல செல் செத்துப்போகுமா?"

"சாகாது சார். முன்னைவிட அதிகமாத் தாங்கும்."

"அச்சா. மெத்துனு இருந்தா?"

"நிம்மதியா இருக்கும்."

ராஜகோபால் விரலில் ஒட்டிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டார். "சர்க்கார் தட்டுல அது எதுக்கு நிம்மதியா இருக்கணும்?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

ஜோஸ்லின் இயக்குநரிடம் முறையிட்டாள். இயக்குநர், பேராசிரியர்கள் ஐவர் கொண்ட வல்லுநர் குழுவை அமைத்தார். குழு மூன்று முறை கூடி, தட்டுகளின் மென்மைக்குப் பங்கம் வராமல் அவற்றைக் கடினப்படுத்தித் தருமாறு விற்பனையாளருக்கு அறிவுறுத்தலாம் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்தது.

விற்பனையாளர் பிரதீப் அரசு அலுவலகங்களோடு நெடுநாள் பழகியவர். கடினமான தட்டுகளிலேயே 'மென்மை' என்று நீல எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்தார். டென்ஷன் வேண்டாம் மேடம்ஜி என்று இந்தியில் ஆறுதலும் சொன்னார். ராஜகோபால் அழுத்தினார். அமுங்கவில்லை. இப்போதுதான் நல்ல மென்மை என்று எழுதி ஏற்றுக்கொண்டார்.

இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று ஜோஸ்லின் இயக்குநரிடம் கேட்டாள். செல்களை வளர்க்கச் சொன்னார். இரண்டு தட்டிலும் ஒரே முடிவுதானே வரும் என்றாள். முடிவு வருகிறதல்லவா, அதுதானே உங்களுக்கு வேண்டும் என்றார்.

வளர்த்தாள். இரண்டிலும் செல்கள் இறுக்கிப் பிடித்தன. இரண்டிலும் மைட்டோகாண்ட்ரியாக்கள் வளையமாயின. இரண்டிலும் தாங்கும் மரபணுக்கள் விழித்துக்கொண்டன.

மார்ச் மாத ஆய்வுக் கூட்டத்தில் அவள் படங்களைக் காட்டினாள். மென்மைக்கும் கடினத்துக்கும் வேறுபாடு இல்லை என்று படித்தாள். படித்துவிட்டு நின்றாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தத் தட்டு உண்மையிலேயே மெத்தென்று இருந்ததா என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருந்தாள்.

யாரும் கேட்கவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். குளிராத குளிர்பெட்டியை வைத்துப் பட்டம் வாங்கியவர் முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருடைய நுண்ணோக்கியில் லென்ஸ் கிடையாது. இருந்தும் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. முதலில் அவர்கள்தான் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

ஒப்பந்தத்தை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். மேற்கண்ட முடிவுகள் உண்மையென உறுதியளிக்கிறேன் என்ற வரியின் கீழ் அவள் கையெழுத்திட வேண்டியிருந்தது. பேனாவை இறுக்கிப் பிடித்தாள்.

கையெழுத்து தெளிவாக விழுந்தது.