கஞ்சி குடித்த வேக்கம் கிளீனர்

வீட்டு வேலையே செய்யாத ஆண்பிள்ளையால் வீட்டுக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. எப்போதாவது திடீரென்று உற்சாகம் பொங்கி வேலையில் இறங்குகிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை.

வாப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. வாலிபத்திலிருந்து தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்தவர். தோல் தூசியையும் பசை நெடியையும் தின்றுதான் எங்களைப் படிக்க வைத்தார். பட்டறையைக் கைமாற்றிவிட்டு செம்பூரில் என் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடப்பதே அவருக்கு வெளியூர்ப் பயணம் மாதிரி. வீட்டில் துடைப்பமே போடக் கூடாது, தூசி பறந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சான்பாடாவில் இருக்கும் என் அக்கா ஜமீலா ராத்தா உடனே ஒரு வேக்கம் கிளீனர் வாங்கித் தந்தாள். தூசியை உறிஞ்சி வயிற்றிலுள்ள பையில் அடைத்துக்கொண்டு, பின்பக்கத்து ஃபில்டர் வழியாகச் சுத்தமான காற்றை வெளியே விடும். வாப்பாவின் மூச்சு அந்த ஃபில்டரை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

ரமலானில் ஒரு மாலை, நோன்பு திறக்கிற அவசரத்தில், கறி போட்ட நோன்புக் கஞ்சிச் சட்டியை முழங்கையால் தட்டி கார்ப்பெட்டில் கவிழ்த்தேன். மனைவி பர்வீன் அடுப்படியிலிருந்து துணி கொண்டுவருவதற்குள் நான் மெஷினை எடுத்துவிட்டேன். (ஈரத்தை உறிஞ்சக் கூடாது என்று அதன் முதுகிலேயே படம் போட்டிருந்தது. படத்தை நான் பார்க்காமல் இல்லை. அது விவரமில்லாதவர்களுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டேன்.) சர்ரென்று ஒரே இழுப்பு. தேங்காய்ப் பால், குழைந்த அரிசி, கொத்துக்கறி எல்லாம் உள்ளே போயிற்று. "பாத்தியா?" என்று பர்வீனைப் பெருமையாகப் பார்த்தேன்.

வெயில் காலம். சில நாட்களிலேயே, சுவிட்சைப் போட்டால் பீரோவுக்குப் பின்னால் எலி செத்த மாதிரி ஒரு வாடை வீடெல்லாம் பரவ ஆரம்பித்தது.

"ஏல, எம் பட்டறையில பச்சத் தோலு நனைஞ்சா அடிக்க நாத்தமே தேவலாம்ல," என்றார் வாப்பா.

பர்வீன் என்னை நன்றாக அறிந்தவள். "அரே, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். நான் புதுப் பை வாங்கிட்டு வந்து எல்லாத்தையும் கழுவுதேன். நீங்க தொடாம இருங்க, பஸ், அது போதும்," என்று சொல்லிவிட்டு, பெருநாளுக்கு முந்தின நாள் மதியம் குர்லா கடைத்தெருவுக்குப் போனாள்.

மறுநாள் வீடு நிறைய விருந்தாளிகள். பெண்டாட்டி திரும்பி வரும்போது வீடு மணக்க வேண்டும் என்று எனக்கு உற்சாகம் பொங்கியது.

மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மெஷினைத் திறந்தேன். பைக்குள்ளே என்ன இருந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. (நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.) பையைக் குப்பையில் போட்டேன். ஃபில்டரைச் சோப்பு போட்டு அலசி பால்கனிக் கொடியில் மாட்டினேன். அப்படியும் நாற்றம் போகவில்லை. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. முகப் பவுடரைத் தரையில் கொட்டி, அதன்மேல் அத்தரைத் தெளித்து, மெஷினையே உறிஞ்ச வைத்தால் குடல்வரை மணக்காதா? ஒரு டப்பாப் பவுடர் முழுவதையும் கொட்டி, அத்தரையும் தெளித்தேன்.

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து வாப்பா கேட்டார்: "ஏல சாகுலு, அந்தச் சல்லடை கொடியிலல்லா தொங்குது?"

"அது காய நாளாவும் வாப்பா. இது அஞ்சு நிமிச வேலை."

சுவிட்சைப் போட்டேன். பையும் இல்லை, ஃபில்டரும் இல்லை. முன்வாயில் போன பவுடர் அத்தனையும், குழாய்க்குள் காய்ந்து கிடந்த கஞ்சித் தூளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பின்வாய் வழியாக வெள்ளைப் புகையாகச் சீறி வந்தது. மெஷினின் முதுகு கட்டிலைப் பார்த்து இருந்தது.

கண் தெரியவில்லை. சுவிட்சைத் தேடித் தடவினேன். வாப்பா இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. இருமலை விட அதுதான் என்னைக் கொன்றது. புகை அடங்கியபோது வாப்பா தலை முதல் கால் வரை வெள்ளையாக, வாயைத் திறந்தபடி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் நீலம்.

அவரைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். என்னைத் தோளில் சுமந்த மனிதர். கனமே இல்லை. வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர் இரண்டு வெள்ளைப் பேய்களைப் பார்த்து வண்டியைக் கிளப்பத்தான் பார்த்தார். வாப்பாவின் உதட்டைப் பார்த்ததும் ஏற்றிக்கொண்டார். ஒரு சிக்னலிலும் அவர் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர் வாப்பாவுக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டே, "க்யா சூங்கா இன்ஹோனே?" என்றார். என்னத்தை முகர்ந்தார் என்று கேட்கிறார்.

"பவுடர். அத்தர். அப்புறம்... கஞ்சி."

"காஞ்சி?"

"பழைய காஞ்சி, சாப்."

நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடமிருந்து விலகினாள். டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது," என்று இந்தியில் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடினார்.

வராந்தாவில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்த வாடை அப்படி. நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஜமீலா ராத்தா வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் பர்வீனுக்குச் சொன்னதை எல்லாம் அவள் போனில் ராத்தாவுக்குச் சொல்லியிருந்தாள்.

"ஏலே, வாப்பாவக் கொல்லவால நான் அந்த மெஷின வாங்கித் தந்தேன்?"

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் புரிந்தது. அவள் என்னிடம் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்து அழுதாள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெருநாள் காலையில் தொழுகைக்குப் போகாமல், ஐசியூ கதவைப் பார்த்துக்கொண்டு, காதோரத்தில் பவுடரோடு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள்தான் உள்ளே விட்டார்கள். வாப்பா மாஸ்க்கை லேசாகத் தூக்கி, சைகையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"நாத்தம்... போயிட்டால?"

"போயிட்டுது வாப்பா," என்றேன். போகவில்லை.

பிறகு பர்வீன்தான் அதைப் போக்கினாள். நீளக் குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தியபோது வளைவில் சிக்கியிருந்த கறித்துண்டு ஒன்று வந்து விழுந்தது. குழாயை ஆப்பசோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து அலசினாள். மெஷினின் உட்புறத்தை வினிகர் நனைத்த துணியால் துடைத்தாள். எல்லாவற்றையும் மொட்டை மாடியில் சொட்டு ஈரம்கூட இல்லாமல் காயவைத்த பிறகே புதுப் பையை மாட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வாடையும் இல்லை. அத்தனை சின்ன வேலை.

வாப்பா ஆக்சிஜன் சிலிண்டரோடு வீடு திரும்பினார். அதன்பின் அவர் எங்கள் மாடிப்படியில் இறங்கவே இல்லை. மறு வருஷ மழை முடிகிற சமயம் போய்ச் சேர்ந்தார். நோய் முற்றித்தான் போனார், அந்தப் பவுடரால் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆனால் இருந்தவரை, பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதையை அவரே சொல்வார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள். "இவன் ஸ்விச்ச போட்டாம் பாருங்க..." என்று ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார். மாஸ்க்கை வைத்துக்கொள்வார். எல்லாரும் காத்திருப்பார்கள். மறுபடி எடுத்துவிட்டு, "பழைய காஞ்சி, சாப்!" என்பார். சொல்லி முடித்ததும் வெகுநேரம் களைத்துப்போய்ப் படுத்திருப்பார். வேண்டாம் வாப்பா என்றால் கேட்க மாட்டார்.

இப்போது கல்யாணம், பெருநாள் என்று கூடினால் ஜமீலா ராத்தா அதைச் சொல்கிறாள். அவருடைய வார்த்தைகள், அவருடைய குரல். அவள் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வாப்பா மூச்சுக்காக நிறுத்திய இடங்களில் எல்லாம் அவளும் நிறுத்துகிறாள். அவளுக்குக் கதை சொல்லத் தெரியும், எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.